வடக்கு வீதி வீட்டுக் குழு: ஹெரால்ட் விவகாரம்

சனிக்கிழமை

தீபா அக்கா: மாப்பிள்ளை அழைப்புக்குத் தாத்தாவின் பழைய ஹெரால்ட் கார் வருமா, வேறு வண்டி பார்க்கவா என்று அந்த வீட்டில் கேட்கிறார்கள். இன்னும் 19 நாள்தான்.

அப்பா துபாய்: வரும்.

விஜி அத்தை: யார் ஓட்டுவது?

அப்பா துபாய்: முதலில் ஓடட்டும் அக்கா.

நான்: நேற்று டிக்கியைத் திறந்தேன். டேங்க் மூடியைத் திருகியதும் பழைய வார்னிஷ் நாற்றம். குச்சி விட்டுப் பார்த்தால் அடியில் மூன்று விரல் உயரத்துக்குக் கறுப்பாக ஏதோ நிற்கிறது.

அம்மா: நாற்றம் சமையல்கட்டு வரை வந்தது.

சீனு பெரியப்பா: கார்த்தி, அது இப்போது பெட்ரோல் இல்லை. லேசான சரக்கெல்லாம் ஆவியாகிப் போய் மிஞ்சிய பிசின். புது பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று கிளம்பிவிடாதே. பிசினும் துருத்தூளும் சேர்ந்து பம்புக்குப் போகும், அங்கிருந்து கார்புரேட்டரின் ஜெட் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். முதலில் பேட்டரி வயரைக் கழற்று. உள்ளே இருப்பதைக் கேனில் வடி, சாக்கடையில் ஊற்றாதே. டேங்க்கைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டு வா. பெட்ரோல் அளவு காட்டும் மிதவையை எடுக்கும்போது அதன் அடியிலிருக்கும் கார்க் வாஷர் பொடிந்துவிடும், புதிதாக வெட்டிக்கொள்ளலாம். காலி டேங்க்தானே என்று நினைக்காதே. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே முழுக்க ஆவியும் காற்றும். ஒரு பொறி போதும். அதனால் சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசி, அப்புறம் வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வை. அதற்கு முன் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்துப் பத்த வைக்கக் கொடுக்காதே. பொன்மலை ரயில்வே பட்டறையில் 31 வருஷத்தில் நான் பார்த்த

விஜி அத்தை: பொன்மலை வந்துவிட்டது.

சீனு பெரியப்பா: முடிக்கவில்லை, கை பட்டுவிட்டது.

தீபா அக்கா: அப்பா, வருமா வராதா?

அப்பா துபாய்: கார்த்தி, டேங்க் மேல் ஒரு லிவர் இருக்கும், உடைத்துவிடாதே. ரிசர்வ்.

தீபா அக்கா: காரில் ரிசர்வா? பைக் மாதிரி?

அப்பா துபாய்: ஆமாம். நடுவழியில் நின்றால் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து அதைத் திருப்ப வேண்டும். ராஜா வண்டி.

விஜி அத்தை: 1983. பாபநாசம். நான் சொல்லவா, சீனு அண்ணன் சொல்லுமா?

சீனு பெரியப்பா: அன்று அந்த லிவரை யாரோ முன்னாலேயே திருப்பி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம்.

அப்பா துபாய்: மீட்டிங்.

சீனு பெரியப்பா: ஓடு ஓடு.

சீனு பெரியப்பா: துருவுக்கு வருகிறேன். பழைய நட்டுகள் ஒரு கைப்பிடி உள்ளே போட்டு நன்றாகக் குலுக்கு. எண்ணிப் போடு, எண்ணி எடு. பிறகு வெந்நீரில் எலுமிச்சை உப்பு கரைத்து ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிடு. கக்கூஸ் கழுவும் ஆசிட் கூடாது. அந்தக் காலத்து டேங்க் தகட்டில் ஈயம் கலந்த பூச்சு இருக்கும், ஆசிட் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். ஊறியதும் சமையல் சோடா கரைத்து அலசு. உடனே காய வை. நனைந்த வெறும் தகடு கண்ணெதிரிலேயே மறுபடி துருப்பிடிக்கும்.

விஜி அத்தை: எலுமிச்சை உப்பா? குத்துவிளக்கு தேய்ப்போமே, அதுவா?

அம்மா: அதேதான் அண்ணி. வீட்டில் அரைக் கிலோ இருக்கிறது.

விஜி அத்தை: அது இருக்கட்டும். அதைப் போட்டு அம்மா தேய்ப்பாளே, பெரிய பித்தளை அண்டா, அது எங்கே கல்யாணி?

அம்மா: மாடியில் இருக்கிறது அண்ணி.

விஜி அத்தை: போன தடவை பரணில் என்றாய்.

தீபா அக்கா: அத்தை, டேங்க்.

ஞாயிற்றுக்கிழமை

நான்: பெரியப்பா, சொன்னபடி தண்ணீர் நிரப்பி வைத்தேன். அடி மூலையில் ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தில் நுரை வருகிறது.

சீனு பெரியப்பா: அலசியது சரியில்லை. சோப்புத்தூள் மிச்சம் இருக்கிறது.

நான்: ஐந்து தடவை அலசிவிட்டேன். உள்ளே இருக்கும் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. வெளிப்பக்கம்தான் நுரைக்கிறது.

அப்பா துபாய்: எத்தனாலாக இருக்கும். இப்போது எல்லா பங்கிலும் 20 சதவீதம் கலக்கிறார்கள்.

சீனு பெரியப்பா: முரளி, இந்த வண்டி பங்க் வாசலை மிதித்தே 20 வருஷம் ஆகிறது. ஆனால் இனிமேல் போடப்போவது அந்தப் பெட்ரோல்தான், அதனால் கேட்டுக்கொள் கார்த்தி. பழைய ரப்பர் ட்யூபும் பம்பின் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறி நைந்துவிடும், இரண்டையும் மாற்றிவிடு. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கல்யாணம் முடிந்ததும் டேங்க்கை வடித்துவிட்டு நிறுத்து.

விஜி அத்தை: அது சோப்பு.

அப்பா துபாய்: எது?

விஜி அத்தை: ஒழுகும் இடம். அது என் ஹமாம். 1980 மகாமகத்துக்கு வந்தவர்களை ஸ்டேஷனிலிருந்து ஏற்றிக்கொண்டு வரும்போது டேங்க் கசிந்தது. அப்பா நேராகக் கொல்லைக்கு வந்து, நான் அன்றைக்குத்தான் பிரித்த சோப்பை எடுத்துக்கொண்டு போய் அப்பினார். சோப்பைத் தொலைத்தேன் என்று அம்மா என்னை அடித்தாள். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்று வரை யாரும் நம்பவில்லை.

நான்: மேலே கறுப்பு பெயிண்ட் இருந்தது. சுரண்டினேன். கீழே பச்சையாகத்தான் இருக்கிறது.

விஜி அத்தை: பார்த்தாயா!!

சீனு பெரியப்பா: சோப்பு பெட்ரோலில் கரையாது. ரோட்டோரத்தில் லாரிக்காரர்கள் செய்வதும் இதுதான். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். நாம் தண்ணீர் நிரப்பினோம். அவ்வளவுதான் விஷயம். அந்த ஓட்டையை நன்றாகச் சுத்தம் செய்து, ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்துப் பத்த வைக்கச் சொல். எம்-சீல் வேண்டாம். உள்ளே பூசும் கோட்டிங்கும் வேண்டாம், அது செதிள் செதிளாகப் பெயர்ந்து வந்தால் மறுபடி ஜெட் அடைக்கும்.

விஜி அத்தை: எனக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா அண்ணே?

சீனு பெரியப்பா: என்ன வார்த்தை?

விஜி அத்தை: ஒன்றுமில்லை.

தீபா அக்கா: அவர் அம்மா இது எந்த ஊர் வண்டி என்று கேட்கிறார்.

அப்பா துபாய்: நம் மதராஸ் வண்டி என்று சொல். ஸ்டாண்டர்ட் கம்பெனி. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை இங்கே செய்தார்கள். 948 சிசி.

விஜி அத்தை: சம்பந்தியம்மாளுக்கு சிசி எதற்கு?

அம்மா: ஆர்சி இருக்கிறதா என்று யாராவது யோசித்தீர்களா?

அப்பா துபாய்: அதைத்தான் சொல்ல வந்தேன். 2021இல் விதி வந்திருக்கிறது. 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். 20,000 ரூபாய். நம்பரில் விஏ என்று வரும். நம் வண்டி 1969.

சீனு பெரியப்பா: முழுக்கப் படி. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு. இதற்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். மாப்பிள்ளை அழைப்பு எந்தக் கணக்கு?

அப்பா துபாய்: கண்காட்சி.

சீனு பெரியப்பா: பழைய ஆர்சியைப் புதுப்பிக்கலாம் என்றால், அது இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

விஜி அத்தை: கையெழுத்து என்றதும் என் ஞாபகம் வந்துவிட்டது. தெற்குத் தோப்புக்கும் இப்படித்தான்.

அப்பா துபாய்: அக்கா, இப்போது தோப்பு எதற்கு?

விஜி அத்தை: எப்போதுதான் பேசலாம், சொல்.

அம்மா: எல்லோரும் சாப்பிட்டீர்களா?

நான்: மெக்கானிக் ஒரு யோசனை சொல்கிறார். அன்றைக்கு மட்டும் டேங்க் வேண்டாம், பாட்டிலில் பெட்ரோல் வைத்து ட்யூப் போட்டு ஓட்டிவிடலாமாம்.

சீனு பெரியப்பா: இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்க, வாசலில் நிறுத்தி ஐந்து நிமிஷம், சரி. ஊர்வலத்தில் பாட்டில் பெட்ரோலா? முன்னால் பத்தாயிரம் வாலா வெடித்துக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளை வீடு வந்து சேர வேண்டாமா?

தீபா அக்கா: நான் இப்போது அவர்களிடம் என்ன சொல்வது?

அப்பா துபாய்: வரும் என்று சொல்.

சீனு பெரியப்பா: வரும் என்றும் சொல்லாதே, வராது என்றும் சொல்லாதே. வேறு வண்டிக்கு ஒரு விலை மட்டும் கேட்டு வை. ஓடாவிட்டால் மண்டப வாசலில் பூ கட்டி நிறுத்தலாம்.

விஜி அத்தை: வாசலில் நிறுத்தினாலும் முன் சீட்டில் நான்தான் உட்காருவேன். சோப்பு என்னுடையது.

திங்கட்கிழமை

நான்: எலுமிச்சை உப்பு ஊற்றிவிட்டேன். போட்ட நட்டு 22, வந்தது 21.

சீனு பெரியப்பா: வெந்நீர் எங்கே காய்ச்சினாய்? டேங்க் பக்கத்தில் அடுப்பு வைக்கவில்லையே?

நான்: இல்லை பெரியப்பா. அடுப்பு கொல்லையில், டேங்க் முற்றத்தில்.

விஜி அத்தை: அவ்வளவு வெந்நீரை எதில் காய்ச்சினாய்?

விஜி அத்தை: கார்த்தி?

விஜி அத்தை: கல்யாணி, நீயாவது சொல்.

அம்மா: நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன் அண்ணி. உப்பையும் அதிலேயே கரைத்துவிட்டான். உள்பக்கம் மட்டும் புதிது மாதிரி இருக்கிறது.