பெரிய வண்டிக்கு மாறியபோது நடந்தது

ஒழுங்கைக்காரன்:

நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு வண்டி விற்பதாக இருந்தவர் செய்தது சரியா என்று நீங்கள் சொல்லுங்கள். நான்கு வருடமாக என்னிடம் இருந்தது பஜாஜ் சி.டி. 100 மோட்டார் சைக்கிள். வேலை கந்தளாயில். போக 40 கிலோமீற்றர், வர 40. லொறியை முந்தப் போகும்போதெல்லாம் 100 சீசீக்கு எங்கே எல்லை என்று தெரிந்துவிடும். அதனால் பல்சர் என்.எஸ். 200 தேடினேன். திருகோணமலை உப்புவெளியில் ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். பிடித்துவிட்டது. 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன்.

மிகுதிப் பணத்தோடு போன நாளில்தான் "தம்பி, ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள்" என்றார். கடலுக்கு இறங்கும் ஒழுங்கை, இரண்டு பக்கமும் வேலி, நடுவில் மணல். கால் ஊன்றாமல் வண்டியைத் திருப்பச் சொன்னார். இரண்டாவது முயற்சியில் திருப்பினேன். மின்கம்பத்துக்கு நேரே நிறுத்தச் சொன்னார். அரை வண்டித் தூரம் தாண்டி நின்றேன். பிறகு இறங்கி, பின்பக்கமாகத் தள்ளிக் கொட்டகைக்குள் விடச் சொன்னார். பின் சில்லு மணலில் புதைந்தது, கைபிடி மடங்கியது, முழுப் பாரமும் என்மேல் சாய்ந்தது. இஞ்சின் கெண்டைக்காலைச் சுட்டது. அவர்தான் இடுப்பைக் கொடுத்து வண்டியை நிமிர்த்தினார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் என்னுடைய 25,000. நான் கட்டிக்கொடுத்த ரப்பர் பட்டியைக்கூட அவர் கழற்றியிருக்கவில்லை. "இதை உங்களுக்கு நான் விற்கப்போவதில்லை தம்பி. ஒரு 150ஐ எடுத்து ஒரு வருடம் ஓட்டுங்கள்" என்றார்.

மூன்று மாதமாகிவிட்டது. அந்த ரப்பர் பட்டி இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் நாளே விற்பதில்லை என்று முடிவெடுத்திருந்தாரா? அப்படியானால் பணத்தை ஏன் வாங்கினார்?

கச்சான்காற்று:

வேறு யாரோ விலையைக் கூட்டிக் கேட்டிருப்பார்கள். நான் இதை உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே வேலையை நானும் செய்திருக்கிறேன்.

2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வண்டிகளின் விலை எப்படி ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். 2021இல் என்னுடைய பல்சர் 150ஐ வாங்கியதற்கு மேலான விலைக்கு விற்க முடிந்தது. முதலில் ஒரு பையனிடம் முன்பணம் வாங்கியிருந்தேன். கடற்றொழில் செய்பவன், ஸ்கூட்டியிலிருந்து மாறப்போகிறான். மறுநாள் வேறொருவர் 40,000 கூட்டித் தருவதாகச் சொன்னார். பையன் வந்ததும் "இஞ்சினில் ஒரு சத்தம் கேட்கிறது தம்பி, உனக்குக் கொடுக்க மனம் வரவில்லை" என்றேன்.

அவன் நம்பிவிட்டான். குந்தியிருந்து, தலையைச் சாய்த்து, இஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்து வெகுநேரம் கேட்டான். பிறகு நிமிர்ந்து பார்த்து, "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே அண்ணன்" என்றான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே உங்கள் ஐயாவை நல்லவர் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

இரவுக்கடமை:

விற்றவர் நல்லவரா கெட்டவரா என்பதை விடுங்கள். மாறும்போது கைக்கு என்ன ஆகிறது என்று யாரும் சொல்வதில்லை, அதை நான் சொல்கிறேன்.

ஐந்து வருடம் டியோ ஸ்கூட்டர் ஓட்டினேன். வைத்தியசாலையில் இரவு வேலை என்பதால், பொழுது விடியும் நேரத்தில்தான் வீட்டுக்குப் போவேன். பிறகு யமஹா எஃப்.இசட். மோட்டார் சைக்கிள் எடுத்தேன். உயரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். இருக்கை 790 மில்லிமீற்றர், டியோவைவிடக் கொஞ்சம்தான் கூட. இரண்டு பாதமும் நிலத்தில் படுகிறது. கியர் போடவும் ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம், பிரட்ரிக் கோட்டைப் பக்கம், விடியற்காலை. வீதியில் திரியும் நம்முடைய ஊர் மான்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒன்று வீதியின் நடுவில் நின்றது. நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். டியோவில் இடது கைப்பிடி பின் பிரேக். எஃப்.இசட்டில் அது கிளட்ச். வலது கையில் எப்போதும் மெதுவாகத்தான் பிடிப்பேன், நம்பிக்கை முழுவதும் இடது கையில்தான். அந்தக் கை இஞ்சினைச் சில்லிலிருந்து கழற்றிவிட்டது. வண்டி நிற்கவில்லை, சத்தமே இல்லாமல் உருண்டுகொண்டு போனது. வேகம் பெரிதில்லை, 30 இருக்கும். ஆனால் இழுக்க இழுக்க நிற்காத அந்த ஒரு விநாடி! புல்தரையில் போய் விழுந்தேன். மான் அசையாமல் நின்று என்னையே பார்த்தது.

மூளை பழகிவிட்டது, கை பழகவில்லை. அதற்கு நான்கு மாதம் பிடித்தது.

கிண்ணியா துறையடி:

சகோதரி, உங்களுக்குக் கை, எனக்குக் கால்.

வாப்பாவின் ஹொண்டா எம்.டி. 90தான் நான் ஓட்டிப் பழகியது. கிளட்ச் பிடி இல்லை. முன்னால் மிதித்தால் அடுத்த கியர், மொத்தம் மூன்று. பாலம் வருவதற்கு முன்னர் பாதைப் படகில் ஏற்றி இறக்கிய வண்டி அது. பல்சரில் முதல் கியர் மட்டும் கீழே, மிச்சம் எல்லாம் மேலே. கிண்ணியாப் பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். நான்காவது போடலாமென்று பழக்கத்தில் முன்னால் மிதித்துவிட்டேன். விழுந்தது இரண்டாவது. பின் சில்லு கீச்சென்று கத்தி இழுபட்டது. பின்னால் இருந்த வாப்பா என் தோளைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பாலம் 396 மீற்றர். முடியும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி நடந்து போனார். அதற்குப் பிறகு என் வண்டியில் அவர் ஏறவே இல்லை. எங்கே போனாலும் எம்.டி. 90தான்.

நிலாவெளி உப்புக்காற்று:

முதலில் எழுதிய தம்பியிடம் ஒரு கேள்வி. சாரதி அனுமதிப்பத்திரத்தில் என்ன வகுப்பு இருக்கிறது? ஏ1 என்றால் 100 சீசீ வரைதான். அதற்கு மேல் ஓட்ட ஏ வேண்டும். சின்ன வண்டியில் பரீட்சை எழுதி ஏ1 மட்டும் எடுத்த எத்தனையோ பேர் 150, 200 ஓட்டித் திரிகிறார்கள். என் மைத்துனரும் அப்படித்தான். சின்ன விபத்து, தவறு அவருடையதும் இல்லை. காப்புறுதிக்காரர்கள் அனுமதிப்பத்திரத்தைப் பார்த்தார்கள், இழப்பீடு தராமலே கோப்பை மூடிவிட்டார்கள். வண்டி தேடுவதற்கு முன்னர் அதைச் சரிசெய்யுங்கள்.

என் கதை சின்னது. 125இலிருந்து ஜப்பானிய நான்கு சிலிண்டர் 250க்கு மாறினேன், சத்தத்துக்காக மட்டும். ஒரு காபரேற்றர் உதிரிப்பாகத்துக்காக வண்டி எட்டு மாதம் நின்றது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு மூன்று தடவை பஸ்ஸில் போனேன். மூன்றாவது தடவை கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார், நான் வாயைத் திறக்கவே இல்லை. அவ்வளவுதான்.

ஆனால் நம்முடைய கரையில் பழைய வண்டி எடுப்பவர்கள் பார்க்கவேண்டியவை பல உண்டு. கொழும்பில் இருந்துகொண்டு சொல்பவர்களுக்கு உப்பைப் பற்றித் தெரியாது. முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயை விரல் நகத்தால் மேலிருந்து கீழே வருடிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தட்டுப்பட்டால் உப்பு அரித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் புள்ளி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தைக் கிழிக்கும், எத்தனை தடவை சீல் மாற்றினாலும் ஒழுகும். பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து கைபேசி வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். சிவப்பாகத் தெரிந்தால் காபரேற்றர் அடிக்கடி அடைக்கும். கடலைப் பார்த்தபடி நிறுத்திய வண்டியா, வீட்டுக்குப் பின்னால் நிறுத்திய வண்டியா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். சங்கிலியைப் புதிதாகப் போட்டு விற்பார்கள், ஆகவே சங்கிலியை விட்டுவிட்டுப் பின் சில்லின் பல்சக்கரத்தைப் பாருங்கள். பல் கொக்கிபோல் வளைந்திருந்தால் அந்த வண்டி நிறைய ஓடியிருக்கிறது.

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால், கடன் கட்டி முடிந்த கடிதம் கையில் வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வாங்குபவர் பெயர் எழுதாத திறந்த படிவத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதில் இறங்கவே இறங்காதீர்கள். கையொப்பம் வைத்தவர் வெளிநாடு போய்விட்டால், பிறகு யாரைத் தேடுவீர்கள்? கடைசியாக, பெரிய வண்டியின் அகலமான பின் டயரின் விலையை விசாரித்துவிட்டு வண்டி வாங்குங்கள். சி.டி. 100 டயர் விலையை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

கந்தளாய்க் குளக்கட்டு:

கச்சான்காற்று, உங்கள் கணக்கை அந்த ஐயாமேல் போடாதீர்கள். நீங்கள் சொன்னது சாட்டு. அவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். விலை கூடிவிட்டதென்றால் ஒருவர் எதற்கு மணலில் நின்று இவ்வளவு நேரத்தைச் செலவழிக்கப்போகிறார்?

கால் ஊன்றாமல் திருப்பு, சொன்ன இடத்தில் நிறுத்து, பின்னால் தள்ளு. இந்த மூன்றும் எதற்கு என்று எனக்குத் தெரியும். ஹபரணையிலிருந்து வந்துகொண்டிருந்தோம், மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. நான் 180 சீசீ வண்டியில், நண்பன் பழைய ஸ்பிளெண்டரில் எனக்கு முன்னால். வளைவைத் தாண்டினால் வீதியோரம் யானை. தனி யானை, காது அசையவில்லை. நண்பன் ஒரு கணத்தில் வண்டியைச் சுழற்றி என்னைக் கடந்து போய்விட்டான். எனக்கு வீதியின் அகலம் போதவில்லை. முன் சில்லு கரைச் சரளையில் இறங்கிவிட்டது. பின்னால் தள்ளவேண்டும், கால் வழுக்குகிறது, இஞ்சினும் நின்றுவிட்டது. வாங்கி இரண்டு மாதம்தான். 110, 115 என்று வேகம் போய்ப் பார்த்திருந்தேன். நின்ற இடத்தில் திருப்ப ஒருநாளும் பழகவில்லை.

யானை ஒன்றும் செய்யவில்லை, காட்டுக்குள் திரும்பிப் போனது. ஆனால் நண்பன் தன் வண்டியைத் தூரத்தில் போட்டுவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தான். யானையின் பக்கமாக, வெறுங்கையோடு. சின்ன வண்டி வைத்திருக்கிறாயே என்று அவனை அன்று காலையில்தான் கேலி செய்திருந்தேன்.

தம்பி கந்தளாய்க்குத் தினமும் வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். அதை அந்த ஐயாவிடமும் சொல்லியிருப்பார்.

குச்சவெளி ஆசிரியர்:

எல்லோரும் வாங்குவதைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் விற்றதைப் பற்றி எழுதுகிறேன்.

2022 தொடக்கத்தில் 200 சீசீ வண்டி எடுத்தேன். பழைய 100ஐ எங்கள் பாடசாலையில் கூட வேலை செய்யும் ஒருவருக்கே கொடுத்தேன். யூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். திருகோணமலையிலிருந்து குச்சவெளிக்குப் போய் வர 70 கிலோமீற்றர் வரும். என் வண்டிக்கு அந்த 4 லீற்றர் இரண்டு நாளுக்குத்தான் போதும். அவருக்குக் கிட்டத்தட்ட நான்கு நாள். மற்ற நாட்களில் அவர் என்னை ஏற்றிக்கொண்டு போனார், ஒரு ரூபாய் வாங்கவில்லை.

முதல் நாள் பின்னால் ஏறி உட்கார்ந்தபோது கையில் தட்டுப்பட்டது, இருக்கையின் கிழிசலை நான் தங்கூசி நூலால் தைத்த தையல். இறக்கக்கண்டிப் பாலம் வரும்வரை விரலை அதிலிருந்து எடுக்கவில்லை.

இடம் இருந்தால் பழையதை விற்காதீர்கள்.

ஒழுங்கைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அனுமதிப்பத்திரத்தில் ஏ இருக்கிறது அண்ணன்.

குளக்கட்டு அண்ணன் சொன்னது உண்மை. முன்பணம் கொடுத்த நாளில் எங்கே வேலை என்று அவர் கேட்டார். கந்தளாய் என்றேன். இரவில் வருவதுண்டா என்று கேட்டார். சில நாட்களில் ஒன்பது மணியாகும் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நேற்று அந்த ஒழுங்கையால் போனேன். வண்டி அதே கொட்டகையில் நிற்கிறது, மேலே பழைய சாரம் ஒன்று போர்த்தியிருக்கிறது. கூடின விலைக்கு யாரும் கொண்டுபோகவில்லை. அவர் முற்றத்தில் நின்றார். நான் வேகத்தைக் குறைத்தேன், ஆனால் நிறுத்தவில்லை.

நிலாவெளி உப்புக்காற்று:

மூன்று மாதம் கடற்கரைப் பக்கம் நின்ற வண்டி. திரும்பவும் போவதென்றால் பற்றரியையும் பிரேக் தட்டையும் முதலில் பாருங்கள். அந்தச் சாரத்துக்குக் கீழே காற்றுப் புகாமல் ஈரம் தங்கியிருக்கும், குளிரூட்டி நீரின் மட்டத்தையும் பார்க்கவேண்டும். அதற்கு முன்னர் ஒரு 150ஐ இரவல் வாங்கி, மணலில் பின்னால் தள்ளிப் பழகுங்கள். என்னிடம் ஒன்று நிற்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.