ஹார்டுஃபேசிங் அடிச்சு அடி வாங்குன கதை இருந்தா சொல்லுங்க, என்னோடது இதோ

கரூர் பக்கம் சின்னதா வெல்டிங் பட்டறை வச்சிருக்கேங்க. சுத்தியும் கிரஷரா இருக்கறதால தேஞ்ச சாமானுக்கு மேல வெல்டிங் ராடு அடிச்சு ஏத்திக் குடுக்கற இந்த ஹார்டுஃபேசிங்தான் பாதிப் பொழப்பு. நான் தொழில் கத்துக்கிட்டது லாரி பட்டறைல. அங்க திரும்பத் திரும்ப சொல்லிக் குடுத்தது ஒண்ணுதான், சாமான் கனமா இருந்தா கேஸ்ல நல்லா சூடு காட்டிட்டு அடி, முடிச்சதும் மணல்ல பொதைச்சு மெதுவா ஆற விடு, இல்லாட்டி வெடிச்சிரும்னு.

ஒரு நா கிரஷர் ஓனர் ஒருத்தர் ஜா பிளேட்ட, அதாவது கல்ல கடிச்சு நொறுக்கற தாடை பிளேட்ட, கொண்டாந்து எறக்குனாரு, கீழ் பாதி வாணலி மாதிரி குழிஞ்சு கெடந்துச்சு. நானும் படிச்ச பாடத்த ஒப்பிச்சேன், கேஸ் புடிச்சு சூடு காட்டி, ராத்திரி பூரா நிறுத்தாம அடிச்சு, பிளேட்டு ஓரமே மங்கலா செவந்து போற அளவுக்கு ஏத்தி, மணல்ல ரெண்டு நா பொதைச்சு வச்சுட்டேன். எடுத்தப்ப அம்சமா இருந்துச்சு. மாட்டுன அன்னிக்கு மத்தியானமே போன், பிளேட்டு ரெண்டா போச்சுன்னு.

போயி பாத்தா வெல்டிங் அப்படியே இருக்குது, அதுக்குப் பக்கத்துல இருக்கற பிளேட்டுதான் பொறை ரொட்டியாட்ட ஒடைஞ்சிருக்குது. அங்க ஒரு வயசான ஃபிட்டர், பழைய ஸ்பீக்கர் காந்தத்த எடுத்து பிளேட்டு மேல வச்சாரு, ஒட்டல. "இது மாங்கனீசு தம்பி, இதப் போயி வேக வச்சுட்டயே"ன்னாரு.

அப்பறம்தான் வெவரம் புரிஞ்சுது. 1882ல ஹாட்ஃபீல்டுன்னு ஒரு இங்கிலீஷ்காரர் கண்டுபுடிச்ச எஃகுங்க இது, 12% கிட்ட மாங்கனீசு இருக்கும். செய்யறப்பவே 1000 டிகிரிக்கு மேல காய்ச்சி தண்ணில முக்கி எடுத்துடுவாங்க, கார்பன் உள்ளயே கரைஞ்சு நிக்கறதுக்காக. நாம திரும்ப ரொம்ப நேரம் சூடு காட்டுனா அந்தக் கார்பன் பிரிஞ்சு வந்து கார்பைடா கட்டிக்கும், அதோட பிளேட்டு மொறுமொறுன்னு ஆயிடும். 260 டிகிரிக்கு மேல போக விடக்கூடாது. நான் அது போல ரெண்டு மடங்குக்கு மேல ஏத்திட்டேன், பத்தாததுக்கு மணல்ல வேற பொதைச்சு ரெண்டு நா சூட்டப் புடிச்சு வச்சேன். எவ்வளவு புத்திசாலி பாருங்க.

இப்ப எப்படின்னா, பிளேட்ட தண்ணித் தொட்டில எறக்கி தேஞ்ச பக்கம் மட்டும் வெளிய தெரியற மாதிரி வச்சு, குட்டி குட்டியா எடம் மாத்தி மாத்தி அடிக்கறது. மொதல்ல ஸ்டெயின்லெஸ் ராடுல ஒரு லேயர், அதுக்கு மேல மாங்கனீசு ராடு. அடிச்ச எடம் சாஃப்டாத்தான் இருக்கும், அரம் போட்டா கடிக்கும், ஓனருங்க மொகம் சுளிப்பாங்க. கல்லு விழுந்து அடிக்க அடிக்கத்தான் மேல் தோலு 200 பிரினெல்ல (கடினத்த அளக்கற கணக்கு) இருந்து 500 வரைக்கும் இறுகும். ஆனா ஒண்ணு, கல்லு அடி இல்லாம வெறும் மண்ணு ஒரசற எடத்துல இது இறுகவே இறுகாது, அங்க இந்த ராடு தண்டம். அன்னிக்கு பாதி பிளேட்டு காசு நான் குடுத்தேங்க.

மில் ஹவுஸ் ஆளு:

நீங்க தண்ணித் தொட்டின்றீங்க, நாங்க கரும்புச் சாறு ஒழுக ஒழுக அடிப்போம். சர்க்கரை ஆலைல சீசன் நடக்கும்போது மில்ல நிறுத்த முடியாது, அதனால சுத்திட்டு இருக்குற, கரும்ப நசுக்குற ரோலர் மேலயே வெல்டிங் பொட்டு வைக்கணும், அதத்தான் ஆர்க்கிங்னு சொல்லுவோம். ரோலர் வார்ப்பிரும்பு, பல்லு வழுவழுன்னு ஆயிட்டா கரும்ப இழுக்காது, வழுக்கி விட்டுடும். அதனால இங்க தேஞ்சத நெரப்பறது ரெண்டாவதுதான், சொரசொரப்புதான் முக்கியம், பல்லு மேல பொட்டு பொட்டா ஒட்டிக்கிட்டே போவோம். வார்ப்பிரும்ப சூடு பண்ணாம ஈரத்துல அடிக்கிறதான்னு வெளியாளுங்க சிரிப்பாங்க, ஆனா சின்னப் பொட்டுக்கு அது தாங்குது. நான் பட்டது வேற விஷயத்துல. புதுசா சேர்ந்த வருஷம் வெல்டிங் மிஷினோட எர்த் ஒயர மில் ஃபிரேம்ல மாட்டிட்டேன், கரண்டு பூரா பேரிங் வழியா போயி பேரிங்கும் ஷாஃப்டும் அம்மை போட்ட மாதிரி குழி குழியா ஆயிடுச்சு, என்ஜினியர் கிட்ட வாங்கின ஏச்சு இன்னும் காதுல இருக்கு. ரோலர் ஷாஃப்ட்லயே பிரஷ் வச்சு எர்த் எடுக்கணும். இன்னொன்னு, சாறு நனைஞ்ச கிளவுஸோட ஏசி கரண்டு வெல்டிங் மிஷின்ல ராடு ஹோல்டர் புடிக்காதீங்க, ஒரு தடவ ஷாக் அடிச்சு சக்கை மேல போய் விழுந்தேன். டிசி தான் வேணும், அதுலயும் காஞ்ச கிளவுஸ் மாத்திக்கிட்டே இருக்கணும்.

செங்கல் சேம்பர்:

நான் வெல்டர் இல்லீங்க, வெல்டருக்கு காசு குடுக்காம இழுத்தடிச்சவன். எங்க மண்ணு பெசையற மிஷின் பிளேடு சீக்கிரமே கரைஞ்சு போயிரும், குரோம் கார்பைடுன்னு ரொம்பக் கடினமான ராடு ஒண்ணு இருக்கு, அத அடிச்சுத் தரச் சொன்னேன். அடிச்சு ஆறும்போதே டிக் டிக்னு சத்தம், கிட்ட போயி பாத்தா வரிக்கு குறுக்க குறுக்க விரிசல். "ஏப்பா வேலை தெரியாதவனா நீ"ன்னு கத்திட்டேன். அவன் பொறுமையா, அண்ணா இந்த ராடு இப்படித்தான் வெடிக்கும், வெடிச்சாத்தான் உள் இழுப்பு குறையும், குறுக்க போற விரிசல் ஒண்ணும் பண்ணாது, பிளேட்டோட சேர்ற எடத்துல நீளவாக்குல வந்தாத்தான் பேந்துட்டு வரும்னான். நான் நம்பல. அந்த பிளேடு அந்த சீசன் பூரா ஓடுச்சு, அப்பறம் தேடிப் போயி காசு குடுத்தேன். அதோட நின்னுருக்கணும். நல்லா இருக்கேன்னு அடுத்த தடவ நாலு லேயர் போடச் சொல்லி அடம் புடிச்சேன், ரெண்டுக்கு மேல வேணாம்னு சொல்லியும் கேக்கல. மேல் ரெண்டு லேயரு பொரிச்ச அப்பளம் மாதிரி பேந்து மண்ணுக்குள்ள விழுந்துருச்சு, செங்கல்ல எங்க இருக்குதோ.

கரூர் பட்டறை:

சேம்பர் அண்ணா, அந்த வெல்டர் நல்ல மனுசன், நானா இருந்தா நாலாவது லேயருக்கு தனி பில்லு போட்டிருப்பேன். காந்தம் ஒட்டலன்னா மாங்கனீசுதானான்னு தனியா ஒருத்தர் கேட்டாரு, அதுக்கு பதில், காந்தம் பல ஸ்டெயின்லெஸ் மேலயும் சரியா ஒட்டாதுங்க, அதனால எந்த மிஷின்ல இருந்து கழட்டுனதுன்னும் கேட்டுக்கோங்க. பழைய ஜா பிளேட்டுல மேல் தோலு மட்டும் காந்தத்த லேசா இழுக்கற மாதிரி தெரியும், கிரைண்டர்ல கொஞ்சம் ஓட்டிட்டு அப்பறம் வச்சுப் பாருங்க.