ஜெர்மனியில் எம்.எஸ்: நிறத்தை வைத்து நடத்துவார்களா?

கோவைப்பொண்ணு:
வணக்கம். டிரெஸ்டனில் எம்.எஸ் இடம் கிடைத்திருக்கிறது, அக்டோபரில் கிளம்பணும். நான் நல்ல கறுப்பு. யூடியூபில் பிளாக்டு அக்கவுண்ட் (விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு), ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள், இதைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. வெளிநாட்டவருக்கு எதிரான பெகிடா ஊர்வலம் 2014-இல் தொடங்கியதே அந்த ஊரில்தான் என்று படித்ததிலிருந்து அப்பா தயங்குகிறார். அங்கே இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

எல்பேக்கரை:
நானும் அதே ஊர்தான் தங்கச்சி. பேராசிரியர்களிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. குரூப் புராஜெக்ட்டுக்கு ஆள் சேரும்போது ஜெர்மன் பிள்ளைகள் தங்களுக்குள் சேர்ந்துகொள்வார்கள், கடைசியில் நாம் மிஞ்சுவோம், டிராமில் கூட்டம் நெரியும்போதும் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். இது நிறத்தாலா, மொழி வராததாலா, எதேச்சையா என்று நிச்சயமாகச் சொல்லவே முடியாது, அதுதான் ஆளை அரிக்கும். பஞ்சாபி நண்பன் ஒருவன் நல்ல சிவப்பு, அவனை இத்தாலியா என்று கேட்பார்கள். ரயில் நிலையத்தில் போலீஸ் அடையாள அட்டை கேட்பது என்னிடம்தான். இந்தியர் எல்லாருக்கும் ஒரே அனுபவம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

வாடகைவீடு:
பெரிய அடி வீடு தேடும்போதுதான். 2017-இல் ஷ்பீகல் பத்திரிகையும் பவேரிய வானொலியும் சேர்ந்து பொய்ப் பெயர்களில் வாடகை வீடு கேட்டு சுமார் 20,000 செய்திகள் அனுப்பிப் பார்த்தார்கள். ஜெர்மன் பெயருக்கு வீடு பார்க்க அழைப்பு வந்த இடங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றில் அரபு, துருக்கிப் பெயர்களுக்கு வரவில்லை. அதனால் ஸ்டூடன்டன்வெர்க் (மாணவர் நல அமைப்பு) விடுதிக்கு இன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள், அங்கே வரிசைப்படிதான் அறை கிடைக்கும். பாகுபாட்டுக்கு எதிராக 2006-இலிருந்து சட்டம் இருக்கிறது, ஆனால் நிரூபிப்பது கஷ்டம், புகாருக்குக் கெடுவும் குறைவு. வந்த மெயில் எதையும் அழிக்காதீர்கள்.

டோர்ட்மண்ட்தம்பி:
அக்கா, நான் இங்கேயே பிறந்தவன், அப்பா அம்மா எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவை. மொழி படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லுவினம், முழுக்க உண்மையில்லை. எனக்கு ஜெர்மன்தான் முதல் மொழி மாதிரி, என்னையும் பல்கலைக்கழகத்தில் "உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்காத செமஸ்டர் இல்லை. ஆனாலும் படியுங்கோ. ஒருத்தன் கேவலமாகப் பேசினால் அந்த இடத்திலேயே திருப்பிக் கேட்கலாம், வாய் மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுவதை விட அது எவ்வளவோ மேல். தமிழ் ஆட்களோடு மட்டும் ஒதுங்கிவிடாதீங்கோ, அதே நேரம் அவர்களை விட்டுவிடவும் வேண்டாம், மனசு உடையிற நாளில் விளக்கம் சொல்லாமலே புரிந்துகொள்ள ஆள் வேணும்.

கோவைப்பொண்ணு:
ரொம்ப நன்றி. விடுதிக்கு இன்றே போட்டுவிடுகிறேன், இந்தத் திரியை அப்பாவிடமும் காட்டுகிறேன். பார்ட் டைம் வேலைக்கு ரெஸ்யூமில் போட்டோ ஒட்டணும் என்கிறார்களே, கட்டாயமா?

வாடகைவீடு:
கட்டாயம் இல்லை. பழக்கத்தில் பலர் ஒட்டுகிறார்கள், நான் ஒட்டாமல்தான் அனுப்பினேன், வேலை கிடைத்தது.