கையால் கைடு செய்த (வானைப் படமெடுக்கும்போது, நகரும் நட்சத்திரத்தோடு கேமராவைக் கையால் திருப்பிய) ராத்திரிகள்: உங்கள் கதை?

ஜவ்வாதுக்காரன்:
ஃபிலிம் காலம். காவலூருக்கு அந்தப் பக்கம், தை மாதம். ஓரியன் நெபுலாவுக்கு 30 நிமிட எக்ஸ்போஷர். கேமராவையும் கைடு ஸ்கோப்பையும் (நட்சத்திரத்தைக் கண்காணிக்கும் தொலைநோக்கி) வானத்தோடு திருப்பும் மோட்டார் ஓடினாலும், ஸ்கோப்பில் தெரியும் சிவப்புக் குறுக்குக்கோட்டை விட்டு நட்சத்திரம் நகராதபடி குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன். 24-வது நிமிடம் நட்சத்திரத்தைக் காணோம். மேகமோ என்று தலையைத் தூக்கினால் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. என் மூச்சுதான் ஐபீஸில், அதாவது கண் வைக்கும் லென்ஸில், படிந்திருக்கிறது! மஃப்ளர் நுனியால் துடைத்தேன். நட்சத்திரம் கோட்டுக்கு வெளியே நின்றது. பதற்றத்தில் எதிர்ப்பக்கம் திருகிவிட்டேன். ஸ்டூடியோவில், "கேமரா ஆடிருச்சு சார், பிரிண்ட் போடல" என்றார்கள். நெகட்டிவ் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு சின்ன வால்.

துருவன்12:
மூச்சைக் குறை சொல்லாதீர்கள். மோட்டார் திருப்பும் அச்சு வானத் துருவத்துக்கு நேராகச் சரியாக இருந்தால் பத்து வினாடி கண்ணை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. ஏற்காட்டில் எனக்கும் ஒரு படம் போனது, அது கிடக்கட்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து 12 டிகிரிதான். பாதி நாள் மூட்டத்தில் தெரியாது. அதனால் ட்ரிஃப்ட் முறைதான்: நட்சத்திரம் நழுவும் திசையைப் பார்த்து அச்சைச் சரிசெய்வது. உச்சிக்கோட்டில் (தலைக்கு மேல் வடக்கு-தெற்காகப் போகும் கோடு), வான நடுக்கோட்டுக்குப் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே) பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. அப்புறம் கிழக்கில் தாழ்வாக ஒன்றைப் பார்த்து அச்சின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். மோட்டார் திருப்புவது 180 பல் சக்கரம் என்றால், அதை ஓட்டும் திருகின் சிறு பிசகால் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை நட்சத்திரம் முன்னும் பின்னும் போய்வரும். அதைத் துரத்தத்தான் கை.

ஜவ்வாதுக்காரன்:
ஒன்றரை மணி நேரம் ட்ரிஃப்ட் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரைத் திறந்தேன் சார். ஏற்காட்டுக் கதையைச் சொல்லுங்கள்.

கீல்பலகை:
என்னிடம் மோட்டாரே கிடையாது. கேமராவைத் தாங்க இரண்டு பலகை, ஒரு கீல், அதிலிருந்து 229 மில்லிமீட்டரில் பலகையை மெல்ல விரிக்கும் எம்6 (6 மில்லிமீட்டர்) போல்ட். நிமிடத்துக்கு ஒரு சுற்று. 15 வினாடிக்குக் கால் சுற்றாகத் திருப்புவேன். கோத்தகிரி, ஜனவரி, புல்லெல்லாம் உறைபனி. விரல் மரத்துப்போய், போல்ட் திரும்புகிறதா, விரல்தான் வழுக்குகிறதா என்றே தெரியவில்லை. மூன்றாவது நிமிடம் அம்மா கதவைத் திறந்து, "காபி ஆறுது, வர்றியா இல்லையா?" என்றார். எண்ணிக்கை போச்சு. குத்துமதிப்பாக அரைச் சுற்று திருப்பினேன். படத்தில் கார்த்திகையின் ஆறு நட்சத்திரமும் பன்னிரண்டாக விழுந்திருந்தன.

துருவன்12:
போல்ட் தலையில் வட்ட அட்டை ஒட்டி நான்கு கோடு போட்டிருந்தால் எண்ணவே வேண்டாம்.
சரி, ஏற்காடு. 40 நிமிடம் நட்சத்திரம் கோட்டை விட்டு அசையவில்லை. முடித்துவிட்டு டார்ச் அடித்தால், கேமரா லென்ஸ் முழுக்கப் பனித்துளி. எப்போது பிடித்ததோ! நான் கைடு ஸ்கோப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.