பழைய உறைவா, புதியதா? அம்மாவின் காலுக்காக ஓர் உதவி

வணக்கம் உறவுகளே, நாங்கள் கொக்குவில். அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் இடது காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்தது. ஆறு மாதம் வார்பரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குடித்துச் சுகமானார். போன கிழமை அதே கால் திரும்ப வீங்கிவிட்டது. விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. டொப்ளர் ஸ்கானில் உறைவு தெரிகிறது. ஆனால் அது பழைய தழும்பா, புதிதாக உறைந்ததா என்று படத்தை வைத்துச் சொல்ல ஏலாது என்கிறார் டொக்டர். மருந்து தொடங்கியாச்சு. அதை வாழ்நாள் முழுக்கப் போடுவதா என்பதுதான் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்கலாமென்றால், லாச்சியில் கிடந்த பழைய ஸ்கான் அறிக்கையிலும் நாளத்தின் அளவு எழுதப்படவில்லை.

கனடாவில் இருக்கும் மச்சான் ஒரு விசயம் சொன்னார். உறைவுக்குள் வலைபோலப் பின்னும் ஃபைப்ரினில், அல்லது தூண்டப்பட்ட இரத்தத் தட்டுகளில், போய் ஒட்டும் சிறிய பெப்டைட்டோடு (புரதத் துண்டு) கதிரியக்க அணுவைக் கோத்து ஊசியாகப் போடுவார்களாம். புது உறைவு ஸ்கானில் ஒளிரும், பழையது மங்கிக் கிடக்கும். தெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க அணுவைக் கோத்த அப்சிடைட் என்ற இப்படியான பெப்டைட்டுக்கு அமெரிக்கா 1998இலேயே அனுமதி கொடுத்தது. கதிரியக்கச் செம்பு-64 கோத்த, ஃபைப்ரினில் ஒட்டும் எஃப்பிபி8 என்பது பெட் ஸ்கானுக்காக (உடலுக்குள் போன கதிரியக்கத்தைப் படமெடுக்கும் ஸ்கான்) ஆய்வில் இருக்கிறது.

அணு மருத்துவத்தில் வேலை செய்யும் அண்ணாமார், அக்காமார் யாரும் இருக்கிறீர்களா? கொழும்பிலோ சென்னையிலோ இப்படி எடுக்க வழி உண்டா? ஸ்கானுக்கென்று ஊசி மருந்தே ஏற்றாமல் எம்ஆர்ஐயில் புது உறைவைப் பிரித்தறியும் முறையாவது? அதே காலில் இரண்டாம் முறை வந்தவர்களும் சொல்லுங்கோ, உங்கள் டொக்டர் எதை வைத்து முடிவெடுத்தார்? வெள்ளிக்கிழமை கிளினிக். அதற்கு முன் தெரிந்தால் பெரிய உதவி.