யெகரே எல் தொமிங்கோ: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு மாலை

[மாலை 7.21]
நிலா: அத்தை, நான் புதிதாகக் குடிபோகும் வீட்டின் உரிமையாளர் அம்மாவுக்கு 'ஞாயிறு வந்து சேருவேன்' என்று ஸ்பானிஷில் அனுப்ப வேண்டும். வந்து சேர்வதற்கு 'யெகார்' என்று தெரியும். அதைச் 'சேருவேன்' ஆக்கத் தெரியவில்லை. நாளை வகுப்பில் எதிர்காலம்தான் தேர்வு.

அத்தை: பயப்படாதே கண்ணு. நிகழ்காலம் மாதிரி வினையின் வாலை வெட்டவே வேண்டாம். அகராதியில் இருக்கிறபடி முழுசாக வைத்துக்கொண்டு பின்னால் ஒட்டு: நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஏய்ஸ், ஆன். யெகார் + ஏ, யெகரே. அவ்வளவுதான்.

நிலா: ஆர், ஏர், ஈர் என்று முடிகிற மூன்று வகை வினைக்கும் இதேதானா?

அத்தை: இதேதான். அப்லரே பேசுவேன், கொமெரே சாப்பிடுவேன், பிபிரே வசிப்பேன். நமக்குப் பேசுவேன், படிப்பேன், உண்பேன் என்று நடுவில் வ், ப்ப், ப் மாறுமே, அந்தத் தொல்லைகூட இல்லை.

மாமா: அவன், அவள் வித்தியாசம்?

அத்தை: கிடையாதுங்க. பேசுவான், பேசுவாள், பேசுவார் எல்லாம் 'அப்லரா'தான்.

நிலா: 'ஏய்ஸ்' மட்டும் மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

அத்தை: அது 'நீங்கள்லாம்' என்று நெருங்கியவர்களைச் சொல்வது. லத்தீன் அமெரிக்கா போயிருந்தால் விட்டுவிடலாம். நீ இருக்கிற மாட்ரிட்டில் தினமும் காதில் விழும், படித்துக்கொள்.

அத்தை: அப்புறம் முக்கியமானது, அழுத்தம். ஏமோஸ் தவிர மற்ற ஐந்துக்கும் உயிரெழுத்தின் மேல் சாய்கோடு போடு. 'அப்லரா'வில் கோட்டை விட்டால் அழுத்தம் நடுவுக்கு நகர்ந்து வேறொரு வினைவடிவம் ஆகிவிடும்.

நிலா: இந்த விகுதிகள் எங்கிருந்து வந்தன அத்தை?

அத்தை: எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. பழைய லத்தீன் பேச்சில் 'காந்தாரே ஹாபெயோ' என்று இரண்டு சொல். 'பாட வேண்டியிருக்கிறது' என்கிற மாதிரி. இரண்டும் ஒட்டி ஒட்டி 'காந்தரே', பாடுவேன். அந்த 'ஹாபெயோ'தான் ஸ்பானிஷில் 'அபேர்' வினை. அதன் நிகழ்காலத்தைச் சொல்லிப் பார்: ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ்... அதே வால்!

[7.34]
தாத்தா: அங்கே மணி மூன்று இருக்கும். குழந்தை சாப்பிட்டாளா?

அத்தை: அப்பா, இதையே ஸ்பானிஷில் 'செரான் லாஸ் த்ரெஸ்' என்பார்கள். ஊகத்துக்கு அவர்களுக்கும் எதிர்காலம்தான், நம்ம 'இருக்கும்' போலவே!

நிலா: இப்போதுதான் சாப்பிடுகிறேன் தாத்தா. அத்தை, தெருவில் எல்லோரும் 'போய் ஆ கொமேர்' என்றுதானே சொல்கிறார்கள்?

அத்தை: ஆமாம், பேச்சில் அதுதான் அதிகம். அந்தப் 'போய்' நம்ம போய் இல்லை, 'போகிறேன்'. ஆனால் தேர்வில் கேட்பது விகுதி. தெனேர் (வைத்திரு) 'தெந்த்ரே' ஆகும், அசேர் (செய்) 'அரே' ஆகும், இப்படி உடல் மாறுகிறவை ஒரு டஜன் இருக்கும். அவற்றிலும் வால் மாறாது.

[7.52]
நிலா: 'யெகரே எல் தொமிங்கோ' அனுப்பினேன். 'தெ எஸ்பெரரே' என்று பதில் வந்தது. எஸ்பெரார் + ஏ... காத்திருப்பேன்?

அத்தை: அதேதான் கண்ணு. 'உனக்காகக் காத்திருப்பேன்.'

பாட்டி: நல்ல மனுஷி. அந்த எலுமிச்சை ஊறுகாயில் ஒரு பாட்டில் அவர்களுக்குக் கொடு.