றபர் குழாய்க்குள் இருந்த செம்புழுதி

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வயல் செய்யும் எங்கள் குடும்பத்திடம் பழைய மாஸி பெர்கூசன் 135 உழவு இயந்திரம் ஒன்று இன்றும் ஓடுகிறது. எஞ்சினுக்குப் போகும் காற்றில் புழுதியைப் பிடிக்கும் அதன் எயார் கிளீனர் கடதாசி வடிகட்டி அன்று. அடியில் ஒயில் சட்டியும் மேலே கம்பி வலையும் கொண்ட பழைய முறை. நடுக்குழாயால் இறங்கும் காற்று ஒயிலில் பட்டு மேல்நோக்கித் திரும்பும்போது கனமான புழுதி சட்டியிலேயே தங்கிவிட, மிச்சத்தை ஒயிலில் நனைந்த வலை பிடித்துக்கொள்ளும்.

ஒரு சிறுபோக நெல் வெட்டில் (அறுவடையில்), கச்சான் எனப்படும் வறண்ட மேல்காற்று வீசிக்கொண்டிருந்த நாட்களில், கிறவல் வீதியால் நெல் மூட்டை ஏற்றி வந்துகொண்டிருந்தோம். காலையில் எஞ்சின் இலகுவில் பிடிக்கவில்லை. சுமையோடு ஏற்றம் ஏறும்போது திணறியது. ஒயில் நாளாந்தம் குறைந்தது. சட்டியை மாலைதோறும் நானே கழுவி வந்ததால் காற்று வழியில் குறை இருக்கும் என்று நான் எண்ணவேயில்லை. முதலில் பார்த்த மெக்கானிக்கும் டீசல் பம்பைத்தான் கழற்றினார். அதில் பணமும் நான்கு நாட்களும் போயின.

பிறகு வவுணதீவிலிருந்து வந்த வயதான மெக்கானிக் மாமா, எயார் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் றபர் குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்ளே துடைத்தார். துணி செம்மண் நிறமாக வந்தது. “தம்பி, சட்டி கழுவினது சரி. இது சட்டிக்கு அங்கால போன புழுதி” என்றார். குழாயின் அடிப்பக்கத்தில், கிளிப்புக்கு அருகே, மடித்துப் பார்த்தால் மட்டும் வாய் திறக்கும் ஒரு வெடிப்பு இருந்தது. இரண்டரை லீற்றர் கொள்ளளவுள்ள அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது, அந்த ஒரு நிமிடத்தில் 2000 லீற்றர் அளவில் காற்றை இழுக்கிறது; அதில் ஒரு பங்கு வடிகட்டப்படாமலே போனதால் பிஸ்டன் ஓடும் உருளையின் உட்சுவரான லைனரும் பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங்குகளும் தேய்ந்து, இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போதும் வெட்டுக் காலத்தில் சட்டியைத் தினமும் பார்க்கிறேன். எஞ்சினை நிறுத்தி, வலையிலுள்ள ஒயில் வடியும்வரை பொறுத்து, பிறகே கழற்றுவேன். அடியில் சேறு படிந்திருந்தால் ஒயிலை ஊற்றிவிட்டு, சட்டியையும் கழற்றக்கூடிய வலையையும் மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக வடியவிட்டு, குறியீட்டுக் கோடு வரைக்கும் மட்டுமே புது ஒயில் விடுவேன். கோட்டுக்கு மேல் விட்டால் அந்த ஒயில் எஞ்சினுக்குள் இழுபட்டு எரியும். டீசல் எஞ்சினாதலால், அப்படி இழுபட்டால் அடக்க முடியாத வேகத்தில் ஓடவும் கூடும். கடதாசி வடிகட்டி உள்ளவர்கள் அதை மண்ணெண்ணெயில் கழுவவே கூடாது. உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மெதுவாகக் காற்றடிக்கலாம், கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

குழாயைப் பார்ப்பவர்கள் மேற்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். இரண்டு கிளிப்புகளையும் தளர்த்திக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, வளைவுகளை விரலால் மடித்துப் பாருங்கள். எங்கள் குழாயின் மேற்பக்கம் கடைசி நாள்வரை புதிது போலவே இருந்தது.